விண்மீன்களுக்குப் போன ஜானி

1963-இல் வந்த 'கலை அரசி' படத்தை இன்றைய மாணவர்கள் அநேகமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம். வேற்றுக்கிரகத்திலிருந்து ஆட்கள் பூமிக்கு வருகிறார்கள். அவர்கள் உலகில் விஞ்ஞானம் நம்மைவிட வளர்ந்துவிட்டது. பாட்டும் கலையும் வளரவில்லை. எனவே நன்றாகப் பாடும் ஒரு பெண்ணைத் தங்கள் கலத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், தங்கள் மக்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க. நம் துறை மொழியில் சொன்னால், கலந்தாய்வே இல்லாமல் ஓர் இசை ஆசிரியைக்கு வெளிக்கிரகப் பணிமாறுதல். 'அயலான்' பார்த்த பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். 60 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் இப்படி யோசித்தார்களா என்று வாய்பிளப்பார்கள்.

மேற்கத்திய ராக் இசையிலும் இந்தக் கற்பனை உண்டு. டேவிட் போவி என்ற ஆங்கிலேயப் பாடகர் 1972-இல் பாடிய 'ஸ்டார்மேன்' அதில் பெயர்பெற்றது. ஒரு பையன் இரவில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறான். பாட்டு மங்கி, அதனூடே வேறொரு குரல் வருகிறது. வானத்தில் காத்திருக்கும் ஒருவன் பேசுகிறான். நம்மை வந்து பார்க்க அவனுக்கு ஆசை; நாம் மிரண்டுவிடுவோமோ என்று தயக்கம். பையன் உடனே நண்பனைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறான், அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்கிறான். இந்தப் பாட்டில் வேற்றுலகவாசி ஒரு சாக்கு என்றே நான் நினைக்கிறேன். பெரியவர்கள் காதில் விழாத ஒன்று பிள்ளைகள் காதில் விழுகிறது, அதை அவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். வகுப்பறையின் கடைசி பெஞ்சைக் கவனித்த எவருக்கும் இது புரியும்.

இவை இரண்டும் கற்பனை. வேற்றுலகத்தார் கேட்பதற்கென்றே பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து மனிதர்கள் உண்மையிலேயே அனுப்பியதும் உண்டு. 1977-இல் நடந்தது அது. அனுப்பியவற்றில் ஒரு ராக் பாட்டும் இருக்கிறது. ஆசிரியர்களாகிய நாம் அந்தப் பாட்டருகே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1977 ஆகஸ்ட் 20-இல் வாயேஜர் 2 கிளம்பியது. செப்டம்பர் 5-இல் வாயேஜர் 1. வியாழன், சனி போன்ற வெளிக்கோள்களைப் பார்த்துவிட்டு இரண்டும் சூரியக் குடும்பத்தின் எல்லையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும் என்பது முன்பே தெரியும். திரும்பிவராத கலங்கள். ஆகவே ஒவ்வொன்றிலும் பொன்முலாம் பூசிய 12 அங்குலச் செப்புத் தட்டு ஒன்றை நாசா பொருத்தியது. தாத்தா காலத்துக் கிராமபோன் தட்டுதான், பொருள்தான் வேறு. அதைச் சுழலவிட ஊசியும் கூடவே இருக்கிறது. எப்படிச் சுழற்றுவது என்பது உறையில் படமாக வரையப்பட்டிருக்கிறது. கலம் எப்போது கிளம்பியது என்று கண்டுபிடிக்க உறையின் மேல் கொஞ்சம் யுரேனியம் 238 பூசியிருக்கிறார்கள். அதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகள். எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளந்தால் தட்டின் வயது தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பில் கதிரியக்கம் நடத்தும் அறிவியல் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

உறையிலேயே நம் சூரியன் இருக்கும் இடத்துக்கு வழியும் போட்டிருக்கிறது. பல்சர் எனப்படும் துடிப்பு விண்மீன்கள் 14-ஐ அடையாளமாக வைத்து வரைந்த வழி, பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வழி சொல்வதுபோல. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜாஸ்லின் பெல் முதல் பல்சரின் சீரான துடிப்பைப் பிடித்தபோது, பாதி விளையாட்டாக அதற்கு 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று பெயர் வைத்தார்கள். வேற்றுலகத்தார் அனுப்பும் சைகையோ என்ற ஐயம் ஒரு கணம் எழுந்தது. நம் உதகை அருகே முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் பல்சர்களையும் கவனித்துவருகிறது. சுற்றுலா போகும் பள்ளிகள் தாவரவியல் பூங்காவோடு திரும்பிவிடுகின்றன என்பது என் வருத்தம்.

தட்டில் என்ன இருக்கிறது? நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், மழை, இடி, பறவை முதலிய பூமியின் ஒலிகள், 55 மொழிகளில் வாழ்த்து, சுமார் 90 நிமிட இசை. இசையில் மொத்தம் 27 துண்டுகள். வானியலாளர் கார்ல் சேகன் தலைமையில் ஒரு சிறு குழு சில மாதங்களுக்குள் அவசர அவசரமாகத் தேர்ந்தெடுத்தவை. பாக், பீத்தோவன் இருக்கிறார்கள். அவர்களோடு சக் பெர்ரி 1958-இல் வெளியிட்ட 'ஜானி பி. குட்' இருக்கிறது.

ஜானி யார்? அமெரிக்காவின் தெற்கே, லூசியானாவில், காட்டுக்குள் ஒரு மரக்குடிசையில் வாழும் பையன். எழுதப் படிக்க அவனுக்கு அவ்வளவாக வரவில்லை. கிடார் மட்டும் கை வைத்தால் மணிபோல ஒலிக்கிறது. கிடாருக்குப் பெட்டி இல்லை, சாக்குப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் ரயில்பாதை ஓரம் மரத்தடியில் உட்கார்ந்து வாசிப்பான். ரயில் ஓட்டுபவர்கள் அவனைப் பார்ப்பார்கள். ரயிலின் தாளத்துக்கு அவன் வாசிப்பான். போகிற வருகிறவர்கள் நின்று, இந்தப் பையன் என்னமாய் வாசிக்கிறான் என்பார்கள். அம்மா அவனிடம், ஒருநாள் நீ பெரிய இசைக்குழுவின் தலைவனாவாய், உன் பெயர் விளக்கொளியில் மின்னும் என்கிறாள். அவ்வளவுதான் கதை. அவன் அப்படி ஆனானா என்று பாட்டு சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விட்டதுதான் பாட்டின் அழகு என்பேன்.

விருத்தாசலம் சந்திப்பில் நான்கு பக்கமும் தண்டவாளம் பிரியும் ஊரில் பாடம் நடத்தும் எனக்கு, இந்தப் பையனை அடையாளம் காண லூசியானா வரை போக வேண்டியதில்லை. எங்கள் பள்ளிக்கும் தண்டவாளம் தாண்டித்தான் பல பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் பலரின் பெற்றோர் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். அகல்விளக்கு, பொம்மை, மின்கம்பிக்கான பீங்கான் என்று ஏதோ ஒன்றில் அவர்கள் கை இருக்கும். எட்டாம் வகுப்பு வந்தும் ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பதுபோல என் வகுப்பிலும் இருக்கிறார்கள். நாம் அவர்களுக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். பதிவேட்டுக்கு அந்தப் பெயர் வேண்டும்தான். ஆனால் ஜானியைப் பற்றிப் பதிவேடு எழுதியிருந்தால் அதில் கிடாருக்குக் கட்டம் இருந்திருக்காது.

பாட்டை எழுதியவரின் வாழ்க்கை இன்னும் சுவையானது. சக் பெர்ரியின் தாய் பள்ளித் தலைமையாசிரியை. வீட்டில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. மகன் பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் கொள்ளை வழக்கில் மாட்டி, 1944 முதல் 1947 வரை இளைஞர் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தார். தலைமையாசிரியை வீட்டுப் பிள்ளை, எழுதப் படிக்க வராத ஒருவனைப் பற்றி இவ்வளவு பரிவோடு பாடியது எதனால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 'குட்' என்ற பெயரும் தற்செயல் அல்ல. செயின்ட் லூயிஸ் நகரில் அவர் பிறந்த வீடு இருந்த தெருவின் பெயர் அது. நல்லவன் என்ற பொருளும் சேர்ந்து ஒலிக்கிறது. அம்மாவுக்கு ஜானி நல்ல பையன்தானே.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். பாட்டில் ஜானி 'கிராமத்துப் பையன்'. பெர்ரி முதலில் எழுதியது 'கறுப்பினப் பையன்' என்று. அப்படிப் பாடினால் அன்றைய வானொலி நிலையங்கள் ஒலிபரப்பத் தயங்கும் என்பதால் சொல்லை மாற்றினார். ஒரு சொல் மாறியதால் பாட்டு எல்லா வீட்டுக்குள்ளும் போனது; ஜானியின் நிறம் மறைந்துபோனது. ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "மாத்தினது சரியா தப்பா மிஸ்?" என்று கேட்டாள். அரை மணி நேரம் வகுப்பே அதைப் பற்றித்தான் பேசியது. முடிவுக்கு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தப் பாட்டைச் சேர்க்கக் குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. நாட்டுப்புற இசைகளைத் தொகுப்பதில் பெரிய பெயரான ஆலன் லோமாக்ஸ், ராக் இசை விடலைத்தனமானது என்று வாதிட்டார். பூமியில் விடலைகளும் ஏராளமாக இருக்கிறார்களே என்பது சேகனின் பதில். வளரிளம் பருவத்தாரோடு நாள் முழுக்க இருப்பவர்கள் அந்தப் பதிலை ரசிக்காமல் இருக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'படிக்காவிட்டால் என்ன, திறமை இருந்தால் போதும்' என்று இந்தப் பாட்டை வகுப்பில் பயன்படுத்தினால் அது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு. எழுத்தறியாத ஜானியை நாம் அறிவது, எழுதத் தெரிந்த ஒருவர் அவனைப் பற்றி எழுதியதால். 'எண்ணும் எழுத்தும்' போன்ற திட்டங்களில் நாம் படும் பாட்டுக்கு அர்த்தம் உண்டு. பாட்டு சொல்வது இதற்கு எதிரானதல்ல. எழுத்து வரும்வரை அந்தப் பையனை யாரும் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது என்பதைத்தான் அது சொல்கிறது. ஜானியை ரயில் ஓட்டுபவர் பார்த்தார், வழிப்போக்கர் பார்த்தார், அம்மா பார்த்தாள். பாட்டில் ஓர் ஆசிரியர் வரவே இல்லை. இது எனக்கு உறுத்துகிறது.

சரி, வேற்றுலகத்தாருக்கு இதெல்லாம் புரியுமா? புரியாது. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு ஜானியின் குடிசையும் சாக்குப்பையும் எப்படித் தெரியும்? மேலும் வாயேஜர் 1 வேறொரு விண்மீனுக்கு 1.6 ஒளியாண்டு தொலைவுக்குள் போகவே சுமார் 40,000 ஆண்டுகள் ஆகும். கேட்கப்போகிறவர் யார் என்றே தெரியாத நிலையில், நம்மைப் பற்றி யாரையெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்ததுதான் அந்தத் தட்டின் பொருள். அந்த முடிவில் எழுதப் படிக்க வராத பையன் ஒருவன் இடம்பிடித்தான். பார்வையற்ற பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927-இல் பதிவுசெய்த, சொல்லே இல்லாமல் முனகலாக மட்டும் ஒலிக்கும் ஒரு பாட்டும் இடம்பிடித்தது. சொல் இல்லாததால் அது மற்றவற்றைவிட நன்றாகப் புரியுமோ என்னவோ.

இந்தியாவிலிருந்து போனது ஒரே பாட்டு. கோவாவில் பிறந்த கேசர்பாய் கேர்க்கர் பாடிய 'ஜாத் கஹாம் ஹோ', மூன்றரை நிமிடம், பைரவி ராகம். இந்துஸ்தானி பைரவி நம் பைரவி அல்ல. சுரங்களைப் பார்த்தால் நம் தோடிக்கும் சிந்துபைரவிக்கும் உறவு. தனியே எங்கே போகிறாய் என்று ஒரு பெண்ணைப் பார்த்துக் கேட்கும் பாட்டு அது. விண்கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை. வாயேஜர் 1 கிளம்பிய 11-ஆம் நாள், 1977 செப்டம்பர் 16 அன்று, கேசர்பாய் காலமானார். இந்தப் பாட்டைப் பரிந்துரைத்தவர் ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு நம் மிருதங்கத்தைப் பற்றியது! தென்னக இசையை நன்கு அறிந்தவர் வடக்கின் குரல் ஒன்றைத் தேர்ந்தார். கேட்டுப் பாருங்கள், அவரைக் குறைசொல்ல மனம் வராது.

ஆனால் மாணவர்களுக்குக் கோபம் வரும் இடம் அடுத்தது. 55 மொழி வாழ்த்துகளில் இந்தி, வங்காளம், குஜராத்தி, மராத்தி, ஒடியா, பஞ்சாபி, ராஜஸ்தானி, உருது, தெலுங்கு, கன்னடம் எல்லாம் உண்டு. சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. "நம்ம மொழியை விட்டுட்டாங்களா?" என்று வகுப்பு கொதிக்கும். சதி ஏதும் இல்லை. நேரம் மிகக் குறைவு. வாழ்த்துகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் அதைச் சுற்றியும் கிடைத்த ஆட்களை வைத்துப் பதிவானவை. அந்த அறைக்கு வந்துசேர்ந்தவர்களின் மொழி போயிற்று. மொழியின் தொன்மையோ பேசுவோர் எண்ணிக்கையோ அங்கே கணக்கில் வரவில்லை. கோபப்படும் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: நீ அந்த அறையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கேட்டவுடன் வகுப்பு அமைதியாகிவிடும். 'வணக்கம்' என்பதற்கு மேல் வராது. அப்போது தட்டில் உள்ளவற்றில் சிலவற்றின் பொருளைச் சொல்வேன். சீனத்தின் அமாய் மொழியில் பேசியவர், சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டு, நேரம் கிடைத்தால் வந்து போங்கள் என்கிறார். நம் தெருவில் கேட்கும் பேச்சு! சேகனின் ஆறு வயது மகன் ஆங்கிலத்தில், பூமியின் குழந்தைகள் சார்பில் வணக்கம் சொல்கிறான். சுமேரியம், அக்காடியம், ஹிட்டைட் மொழிகளிலும் வாழ்த்து இருக்கிறது. இவற்றை வீட்டில் பேசும் மனிதர் இன்று பூமியில் ஒருவரும் இல்லை. பிறகு எப்படி வாசித்தார்கள்? ஈரக் களிமண் பலகையில் ஆப்பெழுத்தாகக் குத்தி வைத்ததால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் அறிஞர்களால் வாசிக்க முடிந்தது.

களிமண் என்றதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிமிர்ந்துவிடுவார்கள். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் தமிழி எழுத்தில் இருக்கின்றன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசைர் அல்-காதிமிலும் தமிழி பொறித்த ஓடுகள் கிடைத்தன. கடல் கடந்து போன பானையில் கீறிய எழுத்தைப் பிற்காலத்தில் யார் படிப்பார்கள் என்று எழுதியவர் நினைத்திருக்கவா போகிறார்?

கடந்த ஆண்டு இதை ஒரு செயல்பாடாகவே செய்தோம். ஆளுக்கு ஓர் உள்ளங்கை அகலக் களிமண் வில்லை. அதில் வேற்றுலகத்தாருக்கு ஒரு தமிழ் வாழ்த்து. மண்ணை ஒரு பெற்றோர் தந்தார். அவர் வேலை செய்யும் இடத்தின் சூளையிலேயே மற்ற பொருள்களோடு வைத்துச் சுட்டுக்கொடுத்தார். வில்லை சிறியது, குச்சியால் கீறுவது மெதுவான வேலை. எனவே ஆறேழு சொற்களுக்கு மேல் போக முடியாது. கட்டுரைப் பயிற்சியில் நான் எவ்வளவோ சொல்லியும் வராத சுருக்கம் தானாக வந்தது. 'வாங்க, ஜங்ஷன்ல இறங்கி யாரை வேணாலும் கேளுங்க' என்று ஒருத்தி எழுதினாள். 'எங்க பாட்டுத்தான் வரல, நாங்க இருக்கோம்' என்று ஒருவன். பேச்சுத்தமிழில் எழுதலாமா என்ற தயக்கத்தை நானே உடைத்துவிட்டேன். வாழ்த்து என்பது பேச்சுதான்.

அன்றைக்கு வகுப்பை நடத்தியவன், சத்தமாகப் படிக்கச் சொன்னால் தலைகுனிந்துவிடும் ஒரு மாணவன். மண் ரொம்ப ஈரமாக இருக்கும்போது கீறினால் ஓரம் பிசிறடிக்கும், பாதி காய்ந்த பதத்தில் கீறு என்றான். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வெடிக்கும், நிழலில் திருப்பித் திருப்பிப் போடு என்றான். அவன் சொன்னதைக் கேட்காமல் வெயிலில் வைத்த நான்கைந்து வில்லைகள் உண்மையிலேயே விரிசல் விட்டன. தன் வில்லையில் அவன் எழுதியது 'வணக்கம்' மட்டும். க்-இன் புள்ளி விட்டுப்போயிருந்தது. சுட்ட பிறகு புள்ளி வைக்க முடியாது என்று அவனே வருத்தப்பட்டான். இன்னும் அவனுக்கு வாசிப்பு சரளமாகவில்லை. தினமும் மதிய இடைவேளையில் 15 நிமிடம் இருவரும் உட்கார்ந்து படிக்கிறோம். முன்பு ஒளிந்துகொள்வான், இப்போது வருகிறான்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில செய்திகள். வாழ்த்துகளையும் பூமியின் ஒலிகளையும் நாசாவின் தளத்திலேயே கேட்கலாம். பாட்டுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. ஹைடெக் ஆய்வகக் கணினி ஒன்றும் ஒரு ஒலிபெருக்கியும் போதும். களிமண் கிடைக்காத ஊர்களில் குயவரிடம் கேட்டால் கொடுப்பார், ஆனால் சுடுவதற்கு அவருடைய சூளை நாளுக்குக் காத்திருக்க வேண்டும். பொருளைச் சொல்லுமுன் பாட்டைப் போடுங்கள். என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் முதலில் ஊகிக்கட்டும். கேசர்பாயை முதலிலும் ஜானியைக் கடைசியிலும் போடுவது நல்லது. மாற்றிப் போட்டால் பிள்ளைகள் எழுந்து ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். அதன் பிறகு அந்தப் பாடவேளையில் பைரவி எடுபடாது.